வறுமை வரைபடத்தின் நிறத்தைச் சான்றாகக் கொள்ளலாமா?

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு லண்டனில் வாழ்ந்த துறைமுகக் கூலியாட்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். லண்டன் மக்களின் வாழ்நிலையை ஆராய்ந்த சார்லஸ் பூத், ஒவ்வொரு தெருவுக்கும் அதன் நிலைக்கேற்ப நிறம் தீட்டி வெளியிட்ட வறுமை வரைபடத்தை இணையத்தில் கண்டேன். அதில் கருநீலமாகத் தீட்டப்பட்ட தெருவில் இருந்தவர்கள் மிக வறியவர்கள் என்று எழுதிவிடலாமா?

பதில்: அவ்வளவு நேராக எழுத வேண்டாம். அந்த நிறம் தெருவைப் பற்றிய பொதுக் கணிப்பே தவிர, அங்கிருந்த ஒவ்வொரு குடும்பத்தின் வருமானக் கணக்கு அன்று. 1886இல் தொடங்கி 1903 வரை நீண்ட இந்த ஆய்வுக்குத் தொடக்கத்தில் பெரும்பாலும் தகவல் தந்தவர்கள், பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று வீடுகளைக் கண்காணித்த பள்ளி வாரிய அலுவலர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் இல்லாத வீடுகளை அவர்கள் அவ்வளவாக அறிந்திருக்கவில்லை. வாடகை அறைகளில் தனியாகத் தங்கிய கூலியாட்களும் உங்கள் ஆய்வில் இடம்பெறுவார்கள் என்றால், இந்தக் குறையை முதலிலேயே குறிப்பிட்டுவிடுவது நல்லது.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நூலகம் இணையத்தில் தந்திருப்பது 1898–99இல் திருத்தப்பட்ட, 12 தாள்கள் கொண்ட வரைபடம். 1889இல் வெளிவந்தது வேறு. திருத்தத்துக்காகப் பூத்தின் உதவியாளர்கள் காவலர்களுடன் தெருத்தெருவாக நடந்து எழுதிய குறிப்பேடுகளும் அதே தளத்தில் மின்படிமங்களாக உள்ளன. உண்மையான சான்று அங்கேதான் கிடைக்கும் என்பது என் கருத்து. முந்தைய வரைபடத்தில் தெருவுக்குத் தந்த நிறம் இன்னும் பொருந்துகிறதா, சன்னல்கள் உடைந்திருந்தனவா, பிள்ளைகளின் காலில் செருப்பு இருந்ததா என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துக்குக் கண் பழகச் சற்றுப் பொறுமை வேண்டும். காவலர் சொன்னதும் உதவியாளர் தாமே கண்டதும் ஒரே பத்தியில் கலந்திருக்கக்கூடும் என்பதால், யாருடைய கூற்று என்று பிரித்துப் படியுங்கள்.

நிறங்களின் விளக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வெளிர்நீலத்துக்கு, நடுத்தர அளவுள்ள குடும்பத்துக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங் என்று வருமானமே அளவுகோல். கறுப்புக்கோ தீயொழுக்கமும் அரைக்குற்றத்தன்மையும் அடையாளங்களாகச் சொல்லப்படுகின்றன. பணத்தின் அளவும் ஒழுக்கத் தீர்ப்பும் ஒரே வரிசையில் நிற்கும் இந்த ஏற்பாட்டை, வறுமையின் படிநிலை என்று அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. நீங்கள் கேட்கும் கருநீலம் நிலையற்ற வேலையையும் தீராத இல்லாமையையும் சேர்த்தே குறிக்கிறது. 1889 வேலைநிறுத்தத்தின் முடிவில் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு 6 பென்ஸ் பெற்றார்கள் என்றாலும், வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை கிடைத்தது என்பது தெரியாமல் அந்த எண்ணை வைத்து வாழ்க்கைநிலையை அளக்க இயலாது. பூத்தின் ஆய்வு நூலின் 1889 தொகுதியில், அவருடைய உதவியாளர்களில் ஒருவரான பியாட்ரிஸ் பாட்டர் துறைமுகங்களைப் பற்றி எழுதிய பகுதியை இதற்காகவே படிக்க வேண்டும்.

ஆகவே வரைபடத்தில் தெருவைக் கண்டுபிடித்து, குறிப்பேட்டில் அதன் பதிவைப் படித்து, பிறகு 1891, 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் அங்கிருந்தவர்களின் தொழிலையும் உடன்தங்கியவர்களையும் பாருங்கள். கூலி விவரம் அவற்றில் இராது. லண்டன் முழுவதிலும் வறுமையில் வாழ்ந்தோர் என்று பூத் கணித்த 30.7 விழுக்காட்டைத் தனித்தெருவுக்குப் பொருத்த வேண்டாம். பல தெருக்கள் பிற்காலத்தில் பெயர் மாறியிருப்பதால், இன்றைய பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் பக்கத்துத் தெருக்களைக் கொண்டு இடத்தை உறுதிசெய்யுங்கள்.