ஆசனைற்று இட்டும் நாகம் (துத்தநாகம், zinc) வெளியேறவில்லையா? டைதயோதிரைடாலைப் பாருங்கள்

பேராதனையிலிருந்து கேட்டவருக்கு: 10 மைக்ரோமோலார் நாகவிரல் பெப்டைட்டில் (நாக அயனியைப் பிடித்து மடியும் புரதத் துண்டு) 50 மைக்ரோமோலார் சோடியம் ஆசனைற்று (மூவலு ஆசனிக் உப்பு) சேர்த்தும் பிஏஆர் (PAR, வெளிவரும் நாகத்தோடு சேர்ந்து நிறம் மாறும்) சாயம் மஞ்சளாகவே நிற்கிறது என்கிறீர்கள். தாங்கற் கரைசலில் 1 மில்லிமோலார் டைதயோதிரைடால் (DTT, சிஸ்டீன்கள் ஒக்சியேற்றம் அடையாமல் காக்கும் ஒடுக்கி) இருக்கிறதே, முதல் சந்தேகம் அதில்தான். அதன் இரண்டு தயோல்களும் (–SH கூட்டங்கள்) ஆசனிக்கைக் கவ்விக்கொள்ளும். உங்கள் ஆசனைற்றைவிட அது 20 மடங்கு, பெப்டைட்டுக்கு மிச்சம் ஏது? அதை நீக்கி, 100 மைக்ரோமோலார் ரீசிஈபி (TCEP, தயோல் இல்லாத ஒடுக்கி) போடுங்கள். அதுவும் நாகத்தை லேசாகப் பிடிக்கும், ஆகவே கூட்ட வேண்டாம்.

அடுத்தது பெப்டைட். நாகத்தைப் பிடிக்க இரண்டு சிஸ்டீன் (தயோல் உள்ள அமினோ அமிலம்), இரண்டு ஹிஸ்டிடின் (தயோல் இல்லாத அமினோ அமிலம்) உள்ள விரலில் ஆசனைற்று சரியாக ஒட்டாது. அதற்குக் குறைந்தது மூன்று சிஸ்டீன் வேண்டும். டிஎன்ஏ பழுதுபார்ப்புப் புரதங்களில் பார்ப்-1இன் (PARP-1) முதல் விரல் (மூன்று சிஸ்டீன், ஒரு ஹிஸ்டிடின்) அல்லது எக்ஸ்பிஏ (XPA, நான்கு சிஸ்டீன்) எடுங்கள். உங்களுடையதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

போத்தலில் இருப்பது ஆசனேற்று (ஐவலு ஆசனிக் உப்பு) இல்லை என்பதையும் லேபலில் பாருங்கள். அது தயோலோடு நேரடியாகப் பிணையாது.

சாயம் 100 மைக்ரோமோலார், பிஎச் 7.4 ஹெப்பஸ் தாங்கற் கரைசல், அளவிடும் அலைநீளம் 500 நனோமீற்றர். நாகம் முழுதும் வெளிவந்தால் 1 செ.மீ. கலத்தில் உறிஞ்சல் ஏறக்குறைய 0.65 கூடும், நிறம் செம்மஞ்சளாகும். நாக சல்பேற்று நியமக் கரைசல் வரிசையையும் (செறிவு தெரிந்த கரைசல்கள்) ஓட்டுங்கள். பெப்டைட் சுத்திகரிப்பில் தங்கிய ஈடிடிஏ (EDTA, நாகத்தை இறுகப் பிடிக்கும்) இருந்தால் இந்த அளவீடும் பொய்யாகும். நாகமுலாம் பூசிய குழாய்த் தண்ணீர் கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடவே கூடாது.

கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், கீழே மகாவலி.