சத்தத்தை நிறுத்தமுன்

*அன்புள்ள ஐயா,*

*சின்ன வயதில் கிரிக்கெட் வர்ணனையாளர் டோனி கிரெய்க்கின் குரலுக்காகவே மட்ச் பார்த்தவன் நான். எங்கள் களுவிதாரண அடிக்கும்போது ‘லிட்டில் களு’ என்று அவர் கத்துவது இன்னும் காதில் நிற்கிறது. இப்போது எவர் வாயைத் திறந்தாலும் எரிச்சல். ஒரே வளவளப்பு, ஒரே பக்கச்சார்பு. கொஞ்சக் காலமாகச் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறேன். பக்கத்தில் இருக்கும் அப்பாவும் ஒன்றும் சொல்வதில்லை. வர்ணனையாளர்கள் கெட்டுவிட்டார்களா, எனக்கு வயது போய்விட்டதா?*

*— ஒரு வாசகர், மானிப்பாய்*

அன்புள்ள தம்பி,

பக்கச்சார்பை விடுங்கள். இங்கிலாந்து அணிக்குத் தலைவராக இருந்த கிரெய்க் இலங்கைக்காகத் தொண்டை கிழியக் கத்தியபோது உங்களுக்கு இனித்தது. அவுஸ்திரேலியாக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்? 2012 டிசம்பரில் அவர் போனபின் கொண்டாடுகிறோம். இன்று நீங்கள் ஏசுகிறவரையும் நாளைக்கு இன்னொரு தம்பி இப்படித்தான் தேடுவான்.

என் வழக்கு வேறு. இவர்கள் ஸ்கோர் சொல்வதில்லை.

என் பெரியையாவுக்குப் பார்வை நன்றாக மங்கிவிட்டது. மட்ச் என்றால் சாய்மனைக் கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு இருப்பார். ஓவர் முடியும், விளம்பரம் போகும், திரும்பி வந்தால் ஒருவர் தான் சாப்பிட்ட பிரியாணியைப் பற்றிச் சொல்லுவார், மற்றவர் விழுந்து விழுந்து சிரிப்பார். பெரியையா என் பக்கம் திரும்பி, “ஆர் போடுறான்? எத்தினை அடிச்சிட்டாங்கள்?” என்பார். திரையில் கீழே எழுதித்தானே இருக்கிறது என்பது அவர்கள் நினைப்பு. படத்துக்கு மேலதிகமாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் வாயைத் திற என்பது அவுஸ்திரேலிய வர்ணனையாளர் ரிச்சி பெனோ போட்ட விதி. எல்லோரும் அதை வேதமாக ஓதுகிறார்கள். நல்ல கண் உள்ளவர்களுக்கான வேதம்!

1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு வளவில் இருந்தோம். 1990 தொடக்கம் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் றேடியோ கதைக்கும். கை சோர்ந்தால் வர்ணனையாளரின் குரலும் இறங்கும், “சுத்தடா!” என்று நாலு பக்கத்தாலும் ஏச்சு விழும். கனநேரம் சுற்றியவர் பெரியையாதான். (இலங்கைக்குக் கைதட்டலாமா என்று அந்த முற்றத்தில் நடந்த சண்டை வேறு கதை.) அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் அடித்த 107 ஓட்டங்களில் ஒன்றைக்கூட நாங்கள் காணவில்லை. ஆனால் இடையில் வந்து குந்தினவனுக்கும் எத்தனை ஓட்டம், எத்தனை விக்கெட், ஆர் பந்து போடுகிறான் என்பதெல்லாம் ஒரு ஓவருக்குள் தெரிந்துவிடும். பிந்தி வந்தவனையும் காணாதவனையும் நினைத்துப் பேசுவதுதான் அந்தத் தொழில். ரீவி வந்ததும் வேலையைப் படத்தின் தலையில் கட்டிவிட்டு இவர்கள் ஊர்க்கதை கதைக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

சரி, உங்களுக்கு வயது போய்விட்டதா? அதெல்லாம் இல்லை, வயது போனவர் உங்கள் பக்கத்தில் இருக்கிறார். அப்பா ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சத்தத்தை நிறுத்தமுன் அவருக்குத் திரையில் என்ன தெரிகிறது என்று ஒருநாளாவது கேட்டீர்களா?