ஏற்றத்தில் 'கட கட' சத்தம்: 95 ஆக்டேன் போட்டும் இழுவை கூடாதது ஏன்?

சகோ, பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு ஏற்றத்தில் நாலாம் கியரில் வண்டி எஞ்சினில் 'கட கட' சத்தம் வருகிறது, 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டதும் நின்றது, ஆனால் இழுவை கூடவில்லை, மெக்கானிக் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, முன்னால் தள்ளச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து தள்ளாதீர்கள்.

ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி இல்லை, அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் குணம். பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே பிளக் பொறி விடும், அந்தத் தீ பரவி முடிப்பதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை தானே வெடித்தால் அதுதான் நீங்கள் கேட்கும் நாக்கிங். நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் உள்ள வண்டி என்றால் நல்ல பெட்ரோலுக்கு ஏற்ப டைமிங்கை முன்னே நகர்த்திக் கொஞ்சம் கூடுதல் இழுவை எடுக்கும். உங்களுடையது அந்த சென்சார் இல்லாத கார்புரேட்டர் வண்டி, டாங்கில் என்ன இருக்கிறது என்று பொறி விடும் நேரத்தைத் தீர்மானிக்கும் அதன் சிடிஐக்குத் தெரியாது. அதனால் சத்தம் மட்டும் நின்றது.

டைமிங்கை முன்னே தள்ளினால் நாக்கிங் அதிகமாகும், பிஸ்டனே ஓட்டையாகலாம். முதலில் எஞ்சின் ஹெட்டைக் கழற்றி உள்ளே படிந்த கார்பனைச் சுரண்டச் சொல்லுங்கள், பழைய வண்டியில் பெரும்பாலும் அதுதான் வில்லன். அப்புறம் பிளக் கம்பெனி சொன்ன நம்பர்தானா, கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். ஏற்றத்தில் மூன்றாம் கியருக்கு இறங்கிவிடுங்கள்.