பாதியில் நின்ற மேம்படுத்தல்

கேள்வி: இயங்குதளத்தை மேம்படுத்தத் தொடங்கிய என் மடிக்கணினி, நேற்றிரவிலிருந்து 64 சதவீதத்திலேயே நிற்கிறது. உள்ளே குடும்பப் படங்கள் இருக்கின்றன. அணைத்துவிடலாமா?

பதில்: விண்டோஸ் கணினி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வன்தட்டின் இயக்கத்தைக் காட்டும் சிறு விளக்கு இருந்து, அது அவ்வப்போது மினுக்கினால், எண் நகராவிட்டாலும் உள்ளே வேலை நடப்பதாகப் பொருள், பொறுத்திருங்கள். பல மணி நேரமாக எந்த அசைவும் இல்லையென்றால் மட்டும், பவர் பட்டனைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். மீண்டும் இயக்கும்போது பெரும்பாலும் கணினி தானாகவே பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். அவ்வாறு திரும்பாமல், தொடக்க முயற்சி அடுத்தடுத்துத் தோற்றால் மீட்புத் திரை தோன்றும். அதிலுள்ள மேம்பட்ட விருப்பங்களில் புதுப்பிப்பை நீக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.

அதுவும் பலிக்காவிட்டால் பலரும் உடனே ஃபார்மேட் செய்யச் சொல்வார்கள், அதாவது வன்தட்டிலுள்ள அனைத்தையும் அழிக்கச் சொல்வார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. வேறொரு கணினியில் லினக்ஸ் என்ற மாற்று இயங்குதளம் கொண்ட பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்து, அதன் வழியே உங்கள் கணினியை இயக்கி, முதலில் படங்களை வெளித்தட்டுக்கு நகலெடுத்துவிடுங்கள். வன்தட்டு, விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீடு தேவைப்படும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.