பாதி அளவு மாத்திரையில் பிரஷர் அடங்குமா?

கேள்வி: என் ஆத்தாவுக்கு 66 வயது. பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. போட்டுவந்தார்கள். பொழுது சாய்ந்தால் இரண்டு கணுக்காலும் வீங்கிவிடும். செருப்பு வார் பதிந்த தடம் வெகுநேரம் மறையாது. இப்போது டாக்டர் எஸ்-அம்லோடிபின் 2.5 மி.கி. என்று மாற்றியிருக்கிறார். அளவு பாதியாகிவிட்டதே, இரண்டாகக் கொடுக்கட்டுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். புது மாத்திரை இரண்டு என்றால், பழையதில் 10 மி.கி. போட்ட கணக்கு. பிரஷர் மளமளவென்று இறங்கி, எழுந்திருக்கும்போது தலை சுற்றும். ஆத்தங்குடிக் கல் பாவிய வழுக்குத் தரையில் இந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு தாங்காது.

அளவு ஏன் பாதியானது? அம்லோடிபின் மூலக்கூறு இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அணுக்களும் அவை கோத்திருக்கும் வரிசையும் ஒன்றேதான். ஆனால் ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம். ஆலையில் சாதாரண முறையில் தயாரித்தால் இரண்டும் சரிபாதியாக வரும். நம் உடம்பின் புரதங்களோ, இதேபோல் இடது, வலது வடிவம் கொண்ட அமினோ அமிலங்களில் ஒரே பக்கத்தவற்றால் ஆனவை. இடது கால் செருப்பு வலது காலுக்குச் சேராததுபோல, ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் நுழையும் வாயிலாக இருக்கும் புரதத்தில் எஸ் வடிவம்தான் சரியாகப் பொருந்தி அதை அடைக்கிறது. மற்ற பாதி பிரஷரைக் குறைக்க அநேகமாக உதவுவதே இல்லை. அதை நீக்கிவிட்டதால் 2.5 மி.கி. போதும். சளிக்குத் தரும் செட்ரிசின் 10 மி.கி.க்குப் பதில் லீவோசெட்ரிசின் 5 மி.கி. கொடுப்பதும் இதே கணக்குத்தான்.

இப்படிப்பட்ட கண்ணாடி பிம்ப இரட்டையை முதலில் பிரித்துக் காட்டியவர் லூயி பாஸ்டர். 1848இல் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை நுண்ணோக்கியில் பார்த்து, இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நீங்கள் தினமும் கரைக்கிற புளியின் புளிப்பும் அந்த அமிலம்தான். புளியமரம் அதில் ஒரு வடிவத்தை மட்டுமே உண்டாக்குகிறது.

எல்லா மருந்துக்கும் இப்படிப் பிரித்தால் தீர்வு என்று எண்ணிவிடக் கூடாது. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறக்கக் காரணமான தாலிடோமைடில், ஒரு வடிவத்தைத் தனியே கொடுத்தாலும் உடம்புக்குள் அது மற்றொன்றாக மாறிவிடும்.

ஆத்தா விஷயத்துக்கு வருகிறேன். அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். கால் வீக்கம் வடிய ஓரிரு வாரம் ஆகலாம். புது மாத்திரையில் பலருக்கு வீக்கம் குறைகிறது, எல்லோருக்கும் குறைவதில்லை. பழைய அட்டையில் மீதமிருப்பதைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். உப்புக்கண்டம், வத்தல், ஊறுகாயைக் குறைத்து, தினமும் ஒரே நேரத்தில் பிரஷர் பார்த்து எழுதி, இரண்டு வாரம் கழித்து டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.