தம்பி போதையை விட்டுவிட்டான், சிரிப்பு மட்டும் ஏன் திரும்பவில்லை?

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. எட்டு மாதம் மெத்தாம்பெட்டமைன் (மெத்) என்ற போதைப்பொருளை எடுத்துக்கொண்டிருந்தான். நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். பிடித்த பாட்டைப் போட்டால்கூட முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூளை செல்கள் செத்துவிட்டனவா? பழையபடி ஆவானா?

பதில்: ஐந்து வாரம் அதைத் தொடாமல் இருக்கிறானே, அதுவே பெரிய விஷயம். அதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் பார்ப்பது சோம்பேறித்தனம் இல்லை.

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒரு செல்லுக்குள் செய்தி மின்சாரமாக ஓடும். ஆனால் பெரும்பாலான செல்கள் அடுத்த செல்லைத் தொடுவதில்லை. நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 50,000இல் ஒரு பங்கு இடைவெளி இருக்கிறது. மின்சாரம் விளிம்புக்கு வந்ததும் அங்குள்ள நுண்ணிய பைகள் திறந்து ரசாயனத்தைக் கொட்டும். அது எதிர்ச் செல்லின் ஏற்பிகளில் (ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களில்) போய் ஒட்டினால் செய்தி சேர்ந்துவிட்டது. 1921இல் ஓட்டோ லூவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் துடிப்பைக் குறைக்கும் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். யாரும் தூண்டாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்தது. நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்று அப்படித்தான் தெரியவந்தது.

சரி, செய்தி சேர்ந்த பிறகு? இப்படிக் கொட்டும் ரசாயனங்களில் ஒன்று டோபமைன், ஆசையையும் உற்சாகத்தையும் கிளப்புவது. கொட்டிய டோபமைனை அனுப்பிய செல்லே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதற்கென்று ‘டிரான்ஸ்போர்ட்டர்’ என்ற புரதங்கள் உண்டு. கோகைன் அவற்றை அடைத்துவிடும். மெத் அடைப்பதோடு நிற்பதில்லை. அந்த வாசல் வழியாகவே உள்ளே புகுந்து, பைகளில் இருக்கும் டோபமைனைக் கிளப்பிவிட்டு, டிரான்ஸ்போர்ட்டரைத் தலைகீழாக ஓட வைக்கும். உள்ளே இழுக்க வேண்டியது வெளியே கொட்டும். இந்த வெள்ளம் மாதக்கணக்கில் வந்தால் எதிர்ச் செல் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். இப்போது வெள்ளமும் இல்லை, ஏற்பிகளும் குறைவு. ஒரு பாட்டு கிளப்பும் கொஞ்சூண்டு டோபமைன் அவனுக்கு உறைக்காமல் போவது அதனால்தான்.

மெத் டோபமைன் நரம்புகளின் முனைகளைச் சேதப்படுத்தக்கூடியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் முனை அடிபடுவதும் செல்லே செத்துப்போவதும் ஒன்றல்ல. 2001இல் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு, மெத்தை விட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, ஓராண்டுக்கு மேல் தொடாமல் இருந்த பிறகு மறுபடி பார்த்தது. குறைந்திருந்த டிரான்ஸ்போர்ட்டர்கள் கணிசமாகத் திரும்பியிருந்தன. நினைவாற்றல் மட்டும் அதே வேகத்தில் தேறவில்லை. ஆகவே கணக்கை வாரத்தில் போடாதீர்கள், மாதத்தில் போடுங்கள். ஐந்தாவது வாரத்தில் சிரிக்கவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

தினமும் ஒரே நேரத்தில் எழுப்புங்கள், கூடவே நடக்கக் கூட்டிப்போங்கள். ‘சந்தோஷமா இரு’ என்று வற்புறுத்தாதீர்கள், இப்போது அவனால் முடியாது. தூக்கம் வரக் கொஞ்சம் குடிக்கட்டுமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மது வேறு ஏற்பிகளைப் பிடித்து ஆட்டும், தூக்கத்தின் தரத்தையும் கெடுக்கும். கஞ்சாவும் மாற்று இல்லை. அது மூளை தானே சுரக்கும் ரசாயனத்தைப் போல நடித்து ஏற்பிகளில் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த மாதமே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இந்தச் சோர்வோடு மனச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. சாவைப் பற்றிப் பேசினாலோ, இல்லாத குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்றாலோ அன்றைக்கே கூட்டிப்போங்கள், அதுவரை தனியே விடாதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நீங்களே நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.