ஏற்காடு குளிரில் ஆஸ்கர் மீன் அடியில் படுத்தே கிடந்தால்

மருந்து எதுவும் ஊற்றாதீர்கள், முதலில் ஹீட்டர் போடுங்கள். பத்து அங்குல ஆஸ்கர், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வீடு மாறியதிலிருந்து தீனி எடுக்காமல் அடியில் சாய்ந்து கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர்தான் காரணமாகத் தெரிகிறது. ஆஸ்கர் அமேசான் பகுதி மீன். தண்ணீர் 24 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சேலத்து வெயிலில் ஹீட்டர் இல்லாமலே ஓட்டியிருக்கலாம். 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழி இரவில் அது நடக்காது.

விடியற்காலையில் தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள். மதியம் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். 20-க்குக் கீழே என்றால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் 300 லிட்டர் தொட்டிக்கு 150 வாட் ஹீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று கெட்டாலும் மற்றது தாங்கும். ஒரு நாளைக்கு 2 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். வெந்நீர் ஊற்றவே கூடாது, பாவம், அந்த அதிர்ச்சியே அதைக் கொன்றுவிடும். அப்புறம், இவ்வளவு பெரிய ஆஸ்கர் கண்ணாடி ஹீட்டரை முட்டி உடைத்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சூடு ஏறும்வரை தீனி வேண்டாம். ஜீரணமாகாது, தண்ணீர்தான் கெடும்.

ஒன்று மட்டும். வீடு மாற்றும்போது ஃபில்டர் பஞ்சு காய்ந்திருந்தாலோ, குழாய்த் தண்ணீரில் கழுவியிருந்தாலோ அதிலிருந்த நல்ல பாக்டீரியா செத்திருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சை நீக்குவது அதுதான். அம்மோனியா டெஸ்ட் செய்யுங்கள். கொஞ்சம் காட்டினாலும், குளோரின் நீக்கிய தண்ணீரைத் தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, தினமும் கால் பங்கு மாற்ற வேண்டியிருக்கும். ஹீட்டர் மட்டும் போதாது.